நூல்களின் உயரம்

சோஃபியாவில் டிராம் ஓட்டுகிறேன்.
என் தடத்தில் அரசு மழலைப்பள்ளி மூன்று.
ஸ்னெஷா சமையல் மேசையில் தாள் விரித்துக்
கட்டம் போட்டிருந்தாள்:
ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்,
ஜன்னல் மாற்றிவிட்டார்களா,
மதிய சூப்பில் பருப்பு கண்ணில் படுமா,
பேச்சுப் பயிற்சிக்கு ஆள் உண்டா,
நிறுத்தத்திலிருந்து எத்தனை அடி.
ஆஸ்பத்திரிச் சலவையறையில் இரவெல்லாம்
போர்வை எண்ணுகிறவள்;
எண்ணாமல் எதையும் நம்பமாட்டாள்.

எனக்குக் கட்டம் கிடையாது.
கண்ணாடிதான் உண்டு,
முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று.

'முள்ளெலி'யை ஏழே முக்காலுக்குக் கடக்கிறேன்.
அங்கே அழுகை வாசலுக்கு வெளியே நடக்கும்.
கதவு திறக்கும், ஒரு கை நீளும்,
தொப்பியும் கண்ணீருமாக ஒரு பிள்ளை உள்ளே போகும்,
கதவு மூடும்.
அந்தத் தகப்பன் என் டிராமில் ஏறி
இயந்திரத்தில் அட்டையை இரண்டு முறை தொடுவான்.

'சூரியன்' புதிதாக வண்ணம் பூசியது.
யாரோ வந்து நாடா வெட்டினார்கள்.
ஊஞ்சலில் இன்னும் பிளாஸ்டிக் உறை.
அதைப் பிரிக்க எந்த அதிகாரி வரவேண்டுமோ.

மூன்றாவது 'தும்பி'.
கூரை ஒழுகும், வேலியில் ஓட்டை,
ஸ்னெஷாவின் தாளில் அதற்கு ஏழு பெருக்கல் குறி.

மார்ச் பிறந்தால் இங்கே எல்லார் மணிக்கட்டிலும்
சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்.
நாரையைக் கண்டாலோ மரம் பூத்தாலோ
அவிழ்த்துக் கிளையில் கட்டவேண்டும்.
சூரியனின் செர்ரி மரத்தில் நூல்கள்
ஒரே வரிசை, பெரியவர் தோள் உயரம்:
பிள்ளைகள் தூங்குகையில்
ஓர் ஆசிரியை கட்டி முடித்த நேர்த்தி.
தும்பியின் ஆப்பிள் மரத்தில்
மேலே ஒன்றுமே இல்லை.
அடிமரத்தில், முழங்கால் உயரத்தில்,
ஒன்றின்மேல் ஒன்று, சிக்கலும் சிடுக்குமாய்,
நடுவில் ஒரு ஷூ லேஸ்கூட.

அன்று டிராம் நாலு விநாடி தாமதம்.
பின்னால் யாரோ வேண்டுமென்றே இருமினார்.

ஸ்னெஷாவிடம் சொன்னேன்.
"நூல் ஒழுகலை அடைக்குமா?" என்றாள்.
ஆனாலும் பேனாவை எடுத்துக்
கடைசியில் இன்னொரு கட்டம் வரைந்தாள்.
தலைப்பு எழுதவில்லை.

விண்ணப்பத்தில் வரிசை கேட்டார்கள். தும்பியை முதலில் எழுதினோம்.
பிறகு புள்ளிகள்.
தாய் தகப்பன் இருவருக்கும் வேலை: உண்டு.
அதே பள்ளியில் அண்ணனோ அக்காவோ: இல்லை.
இரட்டைப் பிறப்பு: இல்லை.
தீராத நோய்:
"இல்லைன்னு எழுது, சத்தமா எழுது" என்றாள்.
இல்லாத ஒவ்வொரு துயரத்துக்கும்
புள்ளி குறைந்துகொண்டே வந்தது.
நலமாக இருப்பதற்காக
ஒரு திரையின் முன்னால் கூசி உட்கார்ந்திருந்தோம்.

கிடைத்தது சூரியன்.
"ஜன்னலெல்லாம் புதுசு" என்று ஸ்னெஷா
யாரும் கேட்காமலே சொன்னாள்.

எலிட்சா அழவில்லை என்று எழுத ஆசைதான்.
பதினோரு நாள் அழுதாள்.
பன்னிரண்டாம் நாள்
தயிர்க் கிண்ணத்தை வழித்து வைத்தாளாம்.
ஊஞ்சலின் உறையை
அக்டோபர் காற்று பிரித்துவிட்டது.

மறுபடி மார்ச்.
செர்ரி இன்னும் பூக்கவில்லை,
தோள் உயர வரிசையும் வரவில்லை.
அடிமரத்தில், முழங்கால் உயரத்தில்,
ஒரே ஒரு நூல்.
அன்றைக்கும் தாமதம்; எத்தனை விநாடி என்று
கணக்கிட மறந்தேன்.

மாலையில் அவள் ஷூவைக் கழற்றியபடி கேட்டேன்:
"நீ கட்டினதா?"
சட்டைக் கையை மேலே தள்ளினாள்.
அவளுடையது மணிக்கட்டிலேயே இருந்தது,
சூப்பில் நனைந்து சாம்பல் நிறமாய்.
"அது யாசென் கட்டினது.
அவன் நாரை பார்த்துட்டான்."
"எங்கே?"
"தூங்குற நேரத்துல."
"டீச்சர் என்ன சொன்னாங்க?"
"குனிஞ்சு பார்த்தாங்க."
"அப்புறம்?"
"குனிஞ்சேதான் இருந்தாங்க, ரொம்ப நேரம்.
அப்பா, மத்த ஷூ."